எல்லாப் படத்துக்கும் ஒரே ஜூம் லென்ஸ்: எந்த எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

டிஜிட்டல் கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸைச் சில மாதங்கள் பயன்படுத்தியவர்களுக்கு அநேகமாக ஒரே குறைதான் தோன்றும்: தூரத்தில் இருப்பது எட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத் தேடத் தொடங்கினால் 18-135, 18-200, 18-300, 18-400 என்று எண்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கையில் இருக்கும் பணம் இடம் கொடுத்தால் இருப்பதிலேயே பெரிய எண்ணை வாங்கிவிடலாம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். எல்லா வேலைக்கும் ஒரே லென்ஸ் வேண்டும் என்ற விருப்பத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாவது எண்ணைவிட முதல் எண்ணும், அவற்றுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் பொறித்திருக்கும் அபர்ச்சர் எண்களும்தான் அதிகக் கவனத்துக்கு உரியவை. அதற்கான காரணங்களை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஏதேனும் ஒரு ஜூம் லென்ஸை எடுத்து அதன் முன்விளிம்பைச் சுற்றிப் படித்தால் 18-135 மி.மீ., 1:3.5-5.6 என்பது போன்ற குறிப்பும், குறுக்குக்கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் 67 போன்ற ஓர் எண்ணும் இருக்கும். கடைசி எண் லென்ஸின் முன்பக்கம் மாட்டும் ஃபில்டரின் விட்டம் மட்டுமே.  முதலில் வரும் 18, 135 ஆகிய இரண்டும் ஃபோகல் லெங்த் எனப்படும் குவியத்தூரத்தின் இரு எல்லைகள். குவியத்தூரம் குறையக் குறைய லென்ஸ் பார்க்கும் பரப்பு அகலும். கூடக் கூட அந்தப் பரப்பு சுருங்கி, தொலைவில் உள்ள பொருள் படத்தில் பெரிதாகத் தெரியும். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்ந்து இந்தக் குவியத்தூரத்தைத்தான் மாற்றுகின்றன.

இதை ஒரு சிறு கணக்கால் அளந்து பார்த்துவிட்டால், லென்ஸ் விளம்பரங்களில் வரும் எண்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவுகளாக மாறிவிடும். கேமராவுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் அகலத்தால் பெருக்கி, குவியத்தூரத்தால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள் அடங்கும் என்பது கிடைக்கும். தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ.; கேனான் கேமராக்களில் மட்டும் அது சற்றுக் குறைந்து 22.3 மி.மீ. ஆக இருக்கும். ஓர் அறையில் 3 மீட்டர் தள்ளி வரிசையாக நிற்கும் குடும்பத்தாரை 18 மி.மீ.யில் எடுத்தால் ஏறத்தாழ 3.9 மீட்டர் அகலம் அடங்குகிறது. அதையே 16 மி.மீ.யில் எடுத்தால் 4.4 மீட்டர் அடங்குகிறது. வெறும் 2 மி.மீ. வேறுபாட்டால் வரிசையின் ஓரத்தில் இன்னும் ஒருவர் நிற்க இடம் கிடைத்துவிட்டது. மறுமுனையிலோ 135 மி.மீ.க்கும் 140 மி.மீ.க்கும் இடையே உள்ள 5 மி.மீ. வேறுபாட்டைப் படத்தில் எவரும் கண்டுபிடிக்க முடியாது.

முதல் எண் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிய காரணமாகப் படுகிறது. தூரத்தில் உள்ள பொருள் சிறிதாக விழுந்துவிட்டால், படம் எடுத்த பிறகு ஓரங்களை வெட்டி அதைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். 135 மி.மீ.யில் எடுத்த 24 மெகாபிக்சல் படத்தை 200 மி.மீ.யில் எடுத்தது போலத் தோன்றும்படி வெட்டினால் ஏறத்தாழ 11 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 தாள் முழுவதும் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் அச்சிடுவதற்கு 9 மெகாபிக்சல்கூட முழுதாகத் தேவையில்லை என்னும்போது, இந்த இழப்பைப் பெரும்பாலானவர்கள் உணரவே மாட்டார்கள். ஆனால் படத்துக்குள் அடங்காமல் வெளியே போய்விட்ட சுவரையும் கூரையையும் மனிதரையும் பிறகு எந்த மென்பொருளாலும் உள்ளே இழுத்துவர முடியாது. பல படங்களை எடுத்து ஒட்டிப் பனோரமா செய்யலாம் என்றாலும், அசையாத காட்சிகளுக்கு மட்டுமே அது ஒத்துவரும். நீள முனையில் ஏற்படும் பற்றாக்குறைக்கு ஓரளவு பரிகாரம் உண்டு. அகல முனையில் பின்னால் நகர இடமில்லாவிட்டால் பரிகாரமே இல்லை.

சென்சாரின் அளவைச் சேர்த்துப் பார்க்காமல் குவியத்தூரத்தை மட்டும் வைத்து ஒரு லென்ஸை எடைபோடக் கூடாது. ஃபிலிம் காலத்துப் படச்சட்டத்தின் அளவான 36 x 24 மி.மீ.யை உடைய சென்சாரை ஃபுல் ஃபிரேம் என்கிறோம். ஏபிஎஸ்-சி அதைவிடச் சிறியது என்பதால், அதே லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே அதில் பதிவாகிறது. ஆகவே ஏபிஎஸ்-சியில் ஒரு லென்ஸ் காட்டும் பார்வையை ஃபுல் ஃபிரேம் கணக்கில் சொல்ல வேண்டுமானால் குவியத்தூரத்தை 1.5 ஆல் பெருக்க வேண்டும், கேனானில் 1.6 ஆல், பானசோனிக், ஒலிம்பஸ் (இன்று ஓஎம் சிஸ்டம்) நிறுவனங்களின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் 2 ஆல் பெருக்க வேண்டும். 18-135 லென்ஸ் நிக்கான் அல்லது சோனியின் ஏபிஎஸ்-சி கேமராவில் 27-202 மி.மீ. போலவும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 14-140 லென்ஸ் 28-280 மி.மீ. போலவும் பார்வை தரும். ஃபுல் ஃபிரேமில் 24-105 லென்ஸ் செய்யும் வேலையை ஏபிஎஸ்-சியில் 16-70 செய்துவிடும்.

பழைய லென்ஸ்களை மலிவாக வாங்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். நிழற்படக் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959இல் வந்த ஃபாய்க்ட்லாண்டர் ஜூமார். அதன் எல்லை 36-82 மி.மீ. மட்டுமே. அகலத்தில் தொடங்கி நெடுந்தொலைவு வரை ஒரே உருளையில் அடக்கும் முயற்சி வெகுவாகப் பரவியது 1992இல் டாம்ரான் வெளியிட்ட 28-200 லென்ஸுக்குப் பிறகுதான். ஃபிலிம் கேமராவில் அந்த 28 மி.மீ. நல்ல அகலம். அதையே இன்றைய ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் அது 42 மி.மீ. போல நடந்துகொள்ளும், அறைக்குள் ஒரு குழுப் படம் எடுக்கக்கூட இடம் போதாது. பழைய 28-80, 28-200, 35-135 லென்ஸ்கள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், கிராப் சென்சார் எனப்படும், ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் அவற்றை எல்லாவற்றுக்குமான ஒரே லென்ஸ் என்று சொல்ல இயலாது.

இனி நீள முனை. இங்கேதான் ஆசை கணக்கை மீறுகிறது. 10 மீட்டர் தள்ளி ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கும், 15 செ.மீ. நீளமுள்ள ஒரு சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்வோம். 135 மி.மீ.யில் அந்தத் தூரத்தில் 1.74 மீட்டர் அகலம் படத்தில் விழும். குருவி அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 200 மி.மீ.க்குப் போனால் எட்டில் ஒரு பங்கு. 400 மி.மீ.யில்தான் கால் பங்கை எட்டுகிறது. இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்த்தால், 135க்குப் பதிலாக 200 வாங்குவதால் பறவைப் படம் கைகூடிவிடாது என்பது விளங்கும். பறவைகளிலும் காட்டு விலங்குகளிலும் உண்மையான நாட்டம் உள்ளவர், சாதாரண வேலைக்கு ஒரு லென்ஸும் தொலைவுக்கு 55-250 அல்லது 70-300 போன்ற இன்னொரு லென்ஸும் வைத்துக்கொள்வதே நல்லது. 

மற்றவர்களுக்கு நீள முனை எதற்குத் தேவைப்படுகிறது என்றால், முதலாவதாக மனித முகத்துக்கு. தலையும் தோளும் சட்டத்தில் நிறையும்படி 18 மி.மீ.யில் எடுக்க வேண்டுமானால் அரை மீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு நெருங்க வேண்டியிருக்கும். அவ்வளவு அருகிலிருந்து பார்த்தால் மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். அதே படத்தை 85 மி.மீ.யில் எடுக்க 2 மீட்டருக்குச் சற்று மேல் தள்ளி நின்றால் போதும். முகம் இயல்பான அளவில் அமையும், எதிரில் இருப்பவரும் கூச்சமின்றி இருப்பார். முகத்தின் வடிவம் மாறுவதற்கு உண்மைக் காரணம் நாம் நிற்கும் தூரம்தான் என்றாலும், அந்தத் தூரத்தில் நிற்க உதவுவது நீளமான குவியத்தூரம். மேடை நிகழ்ச்சி, விளையாட்டு மைதானத்தில் ஓடும் குழந்தை, எதிர்க்கரையில் தெரியும் கோபுரம் ஆகியவற்றுக்கெல்லாம் 135 அல்லது 140 மி.மீ. பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கிறது.

குவியத்தூரத்தை அடுத்துப் பொறித்திருக்கும் 1:3.5-5.6 என்பது லென்ஸின் அதிகபட்ச அபர்ச்சர், அதாவது ஒளி புகும் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைக் குறிக்கிறது. எண் சிறிதாக இருந்தால் திறப்பு பெரிது. இரண்டு எண்கள் இருப்பதன் பொருள், 18 மி.மீ.யில் எஃப்/3.5 வரை திறக்கும் அந்த லென்ஸ் 135 மி.மீ.யில் எஃப்/5.6 வரை மட்டுமே திறக்கும் என்பது. இந்தச் சரிவு கடைசி முனையில்தான் நேர்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வளையத்தைத் திருப்பத் தொடங்கியதுமே அபர்ச்சர் படிப்படியாகச் சுருங்கத் தொடங்கி, நீள முனையை அடைவதற்கு வெகு முன்பே பெரும்பாலான லென்ஸ்களில் எஃப்/5.6ஐத் தொட்டுவிடும். எஃப்/3.5இல் சென்சாரை அடையும் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்குதான் எஃப்/5.6இல் வந்து சேர்கிறது.

மாலை வேளையில் வீட்டு விளக்கொளியில் ஒரு குழந்தை விளையாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அசைவு மங்காமல் இருக்க ஷட்டர் வேகம், அதாவது சென்சாரில் ஒளி விழும் நேரம், 1/125 வினாடியாவது வேண்டும். 18 மி.மீ.யில், எஃப்/3.5இல், சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 1600 வைத்துச் சரியான வெளிச்சம் கிடைக்கிறது. அதே இடத்திலிருந்து 135 மி.மீ.க்கு நீட்டி முகத்தை மட்டும் எடுக்க முயன்றால் அபர்ச்சர் எஃப்/5.6 ஆகிவிடும், அதே ஷட்டர் வேகத்தைக் காப்பாற்ற ஐஎஸ்ஓவை 4000க்கு உயர்த்த வேண்டும். படத்தில் மணல் தூவினாற்போன்ற இரைச்சல் கூடுவது இதனால்தான். எஃப்/2.8 திறப்பை ஜூம் எல்லை முழுவதும் விடாமல் தரும் லென்ஸாக இருந்தால் ஐஎஸ்ஓ 1000 போதும். இருட்டில் படம் நன்றாக வரவில்லை என்று கேமராவைக் குறைசொல்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது புதிய கேமரா அல்ல, ஒளியைத் தாராளமாக உள்ளே விடும் ஒரு லென்ஸ்தான்.

அப்படியானால் 18-200 லென்ஸ்களையே எஃப்/2.8இல் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். அபர்ச்சர் எண் என்பது குவியத்தூரத்தை ஒளி நுழையும் துளையின் தோற்ற விட்டத்தால் வகுத்துப் பெறுவது. 135 மி.மீ.யில் எஃப்/5.6 கிடைக்க 24 மி.மீ. விட்டம் போதும், எஃப்/2.8 வேண்டுமென்றால் 48 மி.மீ. வேண்டும், 400 மி.மீ.யில் எஃப்/2.8 என்றால் 143 மி.மீ. வேண்டும். முன்கண்ணாடி அந்த அளவுக்குப் பெருத்தால், பின்னால் உள்ள கண்ணாடிகளும் உலோகமும் எடையும் விலையும் அதற்கேற்பப் பெருக்கும். ஆகவே நெடிய ஜூம்கள் எல்லாம் ஒளியை விட்டுக்கொடுத்தே தூரத்தை வாங்குகின்றன.

விட்டுக்கொடுப்பது ஒளியை மட்டுமன்று. ஒரு குவியத்தூரத்துக்கென்றே வடிவமைக்கும் லென்ஸில் ஒளிக்கோட்டங்களைக் கூர்மையாகத் திருத்த முடியும். இருபது மடங்கு நீளும் லென்ஸில் ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு விதமாகத் தலைகாட்டும் குறைகளை ஒரே கண்ணாடிக் கூட்டம் சமாளிக்க வேண்டும். அகல முனையில் நேரான தூண்கள் வெளிப்புறமாகப் புடைக்கும். சற்று நீட்டியதும் அதே தூண்கள் உட்புறமாக வளையும். கிளை நுனிகளின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக மெல்லிய கோடு படியும். கோட்டங்களையும் நிறக்கோடுகளையும் இன்றைய கேமராக்கள் மென்பொருளால் தாமாகவே பெருமளவு திருத்திவிடுகின்றன. நீள முனையில் கூர்மை தளர்வதை மட்டும் அப்படித் திருத்த முடியாது. எஃப்/8க்கு அபர்ச்சரைச் சுருக்கினால் கூர்மை மீளும். ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும், அல்லது ஐஎஸ்ஓ மேலும் ஏற வேண்டும்.

ஜூம் எவ்வளவு மடங்கு என்பதைப் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து அறியலாம். 18-55 மூன்று மடங்கு, 18-135 ஏழரை மடங்கு, 18-200 பதினொரு மடங்கு, 18-400 இருபத்திரண்டு மடங்கு. முதல் லென்ஸை மாற்ற நினைக்கும் தொடக்கநிலையாளருக்கு நான் சொல்லக்கூடிய எல்லை ஏழு அல்லது எட்டு மடங்குதான். அதற்குள் தரமும் எடையும் விலையும் ஓரளவு நியாயமான சமநிலையில் நிற்கின்றன. அதைத் தாண்டிய சூப்பர்ஜூம்களை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. புழுதி பறக்கும் இடங்களில் லென்ஸைக் கழற்றி மாட்ட இயலாதவர்களுக்கும், ஒரே நடையில் மலையையும் மலைமேல் நிற்கும் மனிதரையும் எடுக்க வேண்டிய பயணிகளுக்கும், கூர்மையைவிடத் தருணம் தவறாமல் கிடைப்பது முக்கியம். அவர்களுக்கு அவை பொருத்தமான கருவிகள். வாங்குபவர் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

நடுக்கத் தடுப்பு பற்றியும் ஒரு தெளிவு தேவை. கேனான் இதை ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், சோனி ஓஎஸ்எஸ் என்றும், டாம்ரான் விசி என்றும் குறிக்கின்றன. கையில் பிடித்து எடுக்கும்போது மங்காமல் இருக்க, ஃபுல் ஃபிரேம் கணக்கில் உள்ள குவியத்தூரத்துக்கு ஈடான ஷட்டர் வேகமாவது வேண்டும் என்பது பழைய நடைமுறை விதி. ஏபிஎஸ்-சியில் 135 மி.மீ.க்கு அது ஏறத்தாழ 1/200 வினாடி. நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது) ஈடுசெய்யும் நடுக்கத் தடுப்பு இருந்தால், அசையாத ஒரு சிற்பத்தை 1/13 வினாடியில்கூடக் கையில் பிடித்து எடுத்துவிடலாம். ஆனால் அது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே தடுக்கும். ஓடும் குழந்தையின் அசைவைத் தடுக்காது. கேனான் ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400 போன்ற கேமராக்களின் உடலுக்குள் சென்சாரை நகர்த்தும் நடுக்கத் தடுப்பு கிடையாது. அவற்றோடு நீளமான ஜூமை மாட்டுபவர் லென்ஸிலேயே அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் தமக்கு எது தேவை என்பது பலருக்குத் தெளிவாகாது. அதற்கு விடை அவர்களுடைய கணினியிலேயே இருக்கிறது. டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் அதன் குவியத்தூரம், அபர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகிய விவரங்களும் சேர்ந்தே பதிவாகின்றன. படக்கோப்பின் பண்புகளைத் திறந்தால் அவற்றைப் படிக்கலாம். உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைத் தனியே எடுத்து வைத்து, அவை எந்தக் குவியத்தூரத்தில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். பெரும்பாலானவை 18இல் குவிந்து, ஓரத்தில் ஆட்கள் வெட்டுப்பட்டும் இருந்தால் உங்களுக்குத் தேவை 16 அல்லது 15இல் தொடங்கும் லென்ஸ். 55இல் குவிந்து, பிறகு அவற்றை வெட்டிப் பெரிதாக்கியும் இருக்கிறீர்கள் என்றால் 18-135 உங்களுக்கானது. 25க்கும் 50க்கும் நடுவில் பரவிக் கிடந்து, ஐஎஸ்ஓ மட்டும் 3200, 6400 என்று ஏறியிருந்தால் நீளமான ஜூம் உங்கள் சிக்கலைத் தீர்க்காது, எஃப்/2.8 ஜூமே தீர்க்கும். வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முழுவதும் திருப்பிவிடும் பழக்கம் புதியவர்களுக்கு இயல்பு என்பதால், முனைகளில் படங்கள் குவிந்திருப்பதை மட்டும் நம்பாமல், வெட்டிய தடமும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இன்னும் கேமரா வாங்காதவர்கள் கைபேசிப் படங்களை வைத்தே இதை ஊகிக்கலாம். பல கைபேசிகளின் முதன்மைக் கேமரா ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரையிலான பார்வையைத் தருகிறது. அந்தப் பார்வை உங்களுக்கு எப்போதும் போதுமானதாக இருந்தால், ஏபிஎஸ்-சியில் 18இல் தொடங்கும் லென்ஸ் பழகியது போலவே இருக்கும். கைபேசியில் அடிக்கடி அதி அகலக் கேமராவுக்குத் தாவுபவர் என்றால் 18 உங்களுக்கு நெருக்கடியாகவே தோன்றும்.

சந்தையில் உள்ள லென்ஸ்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் தேர்வு எளிதாகும். சோனி ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான 18-135 எஃப்/3.5-5.6 லென்ஸ் 325 கிராம்தான். நிக்கான் இசட் கேமராக்களுக்கான 18-140, கேனான் ஆர்எஃப் கேமராக்களுக்கான 18-150 ஆகியவை இன்னும் சற்று இலேசானவை. ஆனால் அவை நீள முனையில் எஃப்/6.3 ஆகச் சுருங்குகின்றன, அதாவது எஃப்/5.6ஐவிட ஐந்தில் ஒரு பங்கு ஒளி குறைவு. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கேனானின் 18-135 எஸ்டிஎம், நிக்கானின் 18-140 விஆர் இரண்டும் நம்பகமானவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைக் கிலோ. வீட்டுக்குள்ளும் விழாக்களிலும் அதிகம் எடுப்பவர்களுக்கு சிக்மாவின் 18-50 எஃப்/2.8 இருக்கிறது, நீளம் குறைவு, ஆனால் எடை 290 கிராம்தான். டாம்ரானின் 17-70 எஃப்/2.8 அதற்கும் நெடிய ஜூமுக்கும் நடுவில் நிற்கிறது. 525 கிராம் கனத்தாலும், அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரே ஒரு லென்ஸோடு இருக்க நினைப்பவருக்கு நான் முதலில் சுட்டுவது இதைத்தான். இருபத்திரண்டு மடங்கு நீளும் டாம்ரான் 18-400 ஏறத்தாழ 700 கிராம். 200 கிராம் கிட் லென்ஸுக்குப் பழகிய கழுத்துக்கு இந்த வேறுபாடு ஒரு முழு நாள் நடையில் நன்றாகவே தெரியும். எடை காரணமாக வீட்டில் விட்டுச் செல்லப்படும் லென்ஸால் பயன் ஏதும் இல்லை.

பலரும் பார்க்க மறக்கும் இன்னொரு விவரம், லென்ஸ் எவ்வளவு அருகில் குவியும் என்பது. நிக்கானின் 18-55 ஏஎஃப்-பி கிட் லென்ஸால் 6 செ.மீ. அகலமுள்ள ஒரு பூவைச் சட்டம் நிறைய எடுக்க முடியும். அதன் டிஎஸ்எல்ஆருக்கான 18-140 விஆர் லென்ஸால் 10 செ.மீ. அகலம் வரைதான் நெருங்க முடியும். பூக்களும் பூச்சிகளும் பிடித்தவர்கள் பெரிய ஜூம் வாங்கிய பிறகும் கிட் லென்ஸை விற்றுவிடாமல் வைத்திருப்பது நல்லது.

பொருத்தம் பற்றிச் சில எச்சரிக்கைகள் அவசியம், ஏனெனில் இங்கே நேரும் பிழையை எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது. கேனானின் ஆர்எஃப் லென்ஸ்களை டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது. டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களை அடாப்டர் வைத்து ஆர்எஃப் கேமராவில் மாட்டலாம். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் குவியப்படுத்தும் மோட்டார் இல்லாததால், மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப் லென்ஸ்களை அவற்றில் கையால் திருப்பியே குவிக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று குறிப்பிட்டவை தாமாகக் குவியும். ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, அந்த வரிசைகளின் முதல் மாதிரிகளான டி3000, டி5000 போன்ற பழைய கேமராக்களில் குவியவே குவியாது. டாம்ரான், சிக்மா போன்ற நிறுவனங்கள் ஒரே லென்ஸைப் பல மவுண்ட்களில், அதாவது கேமராவில் மாட்டும் வெவ்வேறு இணைப்பு அமைப்புகளில், விற்பதால், பெட்டியில் உள்ள பெயரோடு மவுண்ட்டையும் சரிபார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

லென்ஸ் கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் அதைச் சோதித்துவிட வேண்டும். செங்கற்கள் தெரியும் ஒரு சுவருக்கு நேர் எதிரே, கேமரா சுவருக்கு இணையாக இருக்கும்படி முக்காலியில் நிறுத்தி, நடுக்கத் தடுப்பை அணைத்து, இரண்டு வினாடி டைமர் வைத்து எடுக்க வேண்டும். அகல முனையிலும் நடுவிலும் நீள முனையிலும், ஒவ்வொரு நிலையிலும் முழுத் திறப்பில் ஒன்று, எஃப்/8இல் ஒன்று என ஆறு படங்கள் போதும். கணினியில் முழு அளவுக்குப் பெருக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவில் சற்று மென்மையாக இருந்தால் அது அந்த வடிவமைப்பின் இயல்பு. மூன்று மூலைகளில் செங்கல்லின் விளிம்பு தெளிவாகத் தெரிய, ஒன்றில் மட்டும் குழைந்து போயிருந்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கக்கூடும். கேமராவை மீண்டும் நேராக நிறுத்தி எடுத்தும் அதே மூலை குழைகிறது என்றால் மாற்றிக் கேளுங்கள். பிறகு ஜூம் வளையத்தை மெதுவாகத் திருப்பி, இடையில் எங்கேனும் இறுகுகிறதா என்றும், லென்ஸைத் தரையை நோக்கிப் பிடித்தால் தானாக நீண்டு இறங்குகிறதா என்றும் பாருங்கள். பயன்படுத்தியதை வாங்குபவர் இதோடு, கைவிளக்கைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும்: ஓரிரு தூசித் துகள்கள் படத்தில் தெரியாது, ஆனால் சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் பரவிய பூஞ்சை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.